கொங்கு நாட்டில் ராத்தங்கல்: யாருக்கு எங்கே இடம் கிடைத்தது?

ஒரு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி "என்ன பார்க்கலாம்" என்பது இல்லை. "எங்க தங்கலாம்" என்பதுதான். இந்த எபிசோடு முழுக்க அந்த ஒரே கேள்விதான்.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் டீமில் ஒருத்தன் ஸ்பெயின் போகிறான். கிரனாடாவில் மூன்று ராத்திரி. அல்ஹம்ப்ரா அரண்மனை இருக்கிற ஊர். எங்கே ரூம் போடலாம் என்று மதிய சாப்பாட்டு நேரம் முழுக்க மேப்பை வைத்துக்கொண்டு பேசினோம். அல்பைசின் என்கிற பழைய முஸ்லிம் குடியிருப்பு மேட்டு மேல் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிரிலேயே அல்ஹம்ப்ரா. ஆனால் எல்லாம் கல் பாவிய ஏற்றச் சந்து, சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் கை கழன்றுவிடும். ரியலேஹோ பழைய யூதர் பகுதி. கீழே கதீட்ரலைச் சுற்றி இருப்பது சமதளம், கடை கண்ணி பக்கம். இப்படிப் பார்த்துக்கொண்டே போனபோது ஒரு கட்டடம் கண்ணில் பட்டது. பெயர் கொர்ரால் தெல் கர்போன். 14-ஆம் நூற்றாண்டில் நஸ்ரித் அரசர்கள் காலத்தில் கட்டியது. நடுவில் முற்றம், முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி, சுற்றி மூன்று அடுக்கில் அறைகள். வெளியூர் வியாபாரி வந்தால் சரக்கைக் கீழே வைத்துவிட்டு மேலே தூங்கலாம். அரபியில் இதற்கு ஃபுந்துக் என்று பேர். ஸ்பானிஷில் சின்னச் சத்திரத்துக்குச் சொல்கிற 'ஃபோந்தா' என்ற வார்த்தை அதிலிருந்து வந்ததுதான். பின்னாளில் அங்கே நாடகம் போட்டார்கள், கரி வியாபாரம் நடந்தது, அந்தக் கரிதான் இன்றைக்கும் பெயரில் இருக்கிறது.

அவன் ரூம் போட்டுவிட்டான். எனக்கு வேறு கேள்வி வந்துவிட்டது. 14-ஆம் நூற்றாண்டில் ஒரு வியாபாரி கோயம்புத்தூர்ப் பக்கம் வந்திருந்தால் எங்கே படுத்திருப்பான்?

இதில் ஒரு கல்லைப் பற்றி முதலில் சொல்லணும். தர்மபுரி மாவட்டத்தில் அதியமான் பெருவழி என்று எழுதின மைல்கற்கள் கிடைத்திருக்கின்றன. 13-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அதில் ஒரு கல், நாவல் தாவளம் என்கிற ஊருக்கு இன்னும் 29 காதம் என்று சொல்கிறது. இதை எழுத்திலும் எண்ணிலும் வெட்டியதோடு விடவில்லை. பக்கத்திலேயே இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவனும், இருட்டில் வருகிறவனும் கையால் தடவிப் பார்த்தே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். நான் ஆப்களில் வேலை செய்கிறவன். பார்வை இல்லாதவர்களும் பயன்படுத்துகிற மாதிரி ஒரு ஸ்க்ரீனைச் செய்ய நாங்கள் எத்தனை மீட்டிங் போடுவோம் என்று எனக்குத்தான் தெரியும். இங்கே ஒரு கல்தச்சன் உளியை வைத்துக்கொண்டு அந்த வேலையை முடித்துவிட்டான்.

ஆனால் எனக்கு அந்தக் கல்லில் முக்கியம் குழி இல்லை, 'தாவளம்' என்கிற வார்த்தை. தாவளம் என்றால் தங்குமிடம். பொதி மாட்டோடு வருகிற வியாபாரக் கூட்டம் இறங்கி, சுமையை அவிழ்த்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, ராத்திரி கழித்துவிட்டுப் போகிற இடம். அப்படி இறங்குகிற இடத்தில் கொடுக்கல் வாங்கல் நடக்காமல் இருக்குமா? தங்கல் சந்தையாகும், சந்தை ஊராகும். இந்த வார்த்தை இன்னும் சாகவில்லை. கோயம்புத்தூரிலிருந்து கேரளா எல்லைக்குப் போங்கள், வேலந்தாவளம் என்று ஒரு ஊர். அட்டப்பாடி மலைக்குள் தாவளம் என்றே ஒரு ஊர்.

தாவளம் மாதிரியே சாவடி. பாலக்காட்டு ரோட்டில் வாளையாறுக்கு முன்னால் வருகிற க.க.சாவடியை பஸ் போர்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கந்தேகவுண்டன் சாவடி என்பதன் சுருக்கம் அது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் சாவடிப்பாளையம் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. பழனிப் பக்கம் போனால் ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி. வெள்ளைக்காரர்கள் எழுதின 'சௌல்ட்ரி' என்ற வார்த்தை இந்தச் சாவடியை அவர்கள் வாயில் போட்டு மென்றதுதான். சத்திரம் வடமொழி 'சத்ர'த்திலிருந்து வருகிறது. முதலில் அது நீண்ட வேள்விக்குப் பெயர், அங்கே போட்ட சோற்றின் வழியாகக் கடைசியில் சோறு போடுகிற இடத்துக்கே பெயராகிவிட்டது.

இந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் மேப்பில் குத்திப் பார்த்தேன். அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து வெளியே போகிற பழைய சாலைகளில் தூரத்தை அளந்தேன். திருச்சி ரோட்டில் சூலூர், பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு, மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையம், பாலக்காட்டு ரோட்டில் க.க.சாவடி. எல்லாமே 20 கிலோமீட்டருக்கு முன்ன பின்ன. அவிநாசி ரோட்டில் கருமத்தம்பட்டி மட்டும் கொஞ்சம் தள்ளி. அடுத்த சுற்றில் பல்லடம், அவிநாசி, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம். அது 40-க்கு முன்ன பின்ன. பாரம் ஏற்றின மாட்டு வண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் போகும். வெயில் நேரத்தை விட்டுவிட்டால் ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நடை. 20 கிலோமீட்டர் ஆச்சுங்களா?

இது என் கணக்கு, கல்வெட்டு இல்லை. கொங்கு நாட்டில் ஊருக்குப் பஞ்சமே கிடையாது. எங்கே ஸ்கேலை வைத்தாலும் ஒரு ஊர் அகப்படும். புள்ளிகள் நிறைய இருந்தால் எந்தக் கோட்டையும் போட்டுக் காட்டலாம் என்று தினமும் பார்க்கிறவன் நான். ஆனாலும் இந்த ஊர்களில் எல்லாம் பழைய சந்தையோ கோயிலோ பெரிய கிணறோ என்று வண்டிக்காரன் நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதனால் கணக்கைத் தூக்கிப் போட மனசு வரவில்லை.

பாதை எவ்வளவு பழசு என்பதற்கு வேறு சாட்சிகள் இருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரிய இடைவெளி. அந்தப் பக்கம் முசிறித் துறைமுகம், இந்தப் பக்கம் கரூர், அதற்கப்பால் காவிரி. நடுவில் நொய்யல் கரையோரம் கொடுமணல். அங்கே 1985-இலிருந்து நடந்த அகழாய்வுகளில் கல்மணிப் பட்டறைகளும், பெயர் கீறின பானை ஓடுகளும் கிடைத்தன. அந்தப் பெயர்களில் வடக்கத்திப் பிராகிருதப் பெயர்களும் இருக்கின்றன. ஒரு ஓட்டில் 'நிகம' என்று வணிகர் குழுவைக் குறிக்கிற சொல்லே இருக்கிறது. ஆக, வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து போனது மட்டும் இல்லை, நாள்கணக்கில் இருந்து தங்கள் பாத்திரத்தில் பெயர் கீறி வைத்துக்கொண்டார்கள். ஹாஸ்டலில் தட்டில் இனிஷியல் போடுகிற மாதிரி. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842-இல் ஒரே புதையலில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பிறகு சோழர் காலத்தில் இதே வழிக்கு ராஜகேசரிப் பெருவழி என்று பெயர். சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் அந்தப் பெயரை ஒரு வெண்பாவோடு வெட்டி வைத்திருக்கிறார்கள்.

சரி, பெருவழி இருக்கு, தாவளம் இருக்கு. இரண்டுக்கும் நடுவில் கால் வலித்தால்?

அதற்குத்தான் சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்கே ஒரு கல்லைப் போட்டிருப்பார்கள். தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு வருகிற ஆள் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை அதில் இறக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். தரையில் வைத்தால் தூக்கிவிட இன்னொரு ஆள் வேணும். தனியாகப் போகிற கூலிக்காரனை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பம் சுமைதாங்கி நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவள் பேரில் இன்னொருத்தர் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். நம்ம பக்கத்துப் பழைய சாலை ஓரங்களில் இன்னும் சில நிற்கின்றன. ரோடு அகலப்படுத்துகிற ஜேசிபி வருகிற வரைக்கும்.

இந்தக் கற்களை ஒரு வெளிநாட்டுக்காரர் கவனித்து எழுதியிருக்கிறார். பிரான்சிஸ் புக்கானன், கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர். 1799-இல் திப்பு இறந்த பிறகு, கைக்கு வந்த நாட்டில் என்ன விளைகிறது, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுத வெல்லெஸ்லி அவரை அனுப்பினார். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பி, மைசூர் சுற்றி, பவானி, கோயம்புத்தூர், ஈரோடு, காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி என்று கொங்கு முழுக்க நடந்திருக்கிறார். புத்தகம் 1807-இல் லண்டனில் மூன்று தொகுதியாக வந்தது. சென்னையை விட்டுக் கிளம்பின உடனேயே, சுமைக்காரர்கள் பாரம் இறக்கக் கட்டி வைத்த சுவர்களையும், வழியோரச் சத்திரங்களையும் பார்த்துப் பாராட்டுகிறார்.

ஆனால் புக்கானனுக்குத் தங்கல் பிரச்சினையே கிடையாது. கூடாரம், ஆள் படை எல்லாம் கூடவே வரும். தங்குமிடத்தைத் தானே சுமந்துகொண்டு போகிறவனுக்கு ஊர் எப்படி நடத்தும் என்ற கவலை இல்லை. மற்றவர்களுக்கு?

கொங்குக் கிராமத்தில் முதல் தங்குமிடம் திண்ணை. வீட்டுக்குள்ளே ஆசாரம், வெளியே திண்ணை. அசலூர்க்காரன் பொழுது சாய்ந்து வந்தால் திண்ணையில் படுக்கலாம், சொம்புத் தண்ணி கிடைக்கும், பழக்கம் இருந்தால் களியோ கம்பஞ்சோறோ கிடைக்கும். அடுத்தது கோயில் மண்டபம், சாவடி. அதற்கு மேல் சத்திரம். மதுரையில் ராணி மங்கம்மாள் சத்திரம், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டின முத்தாம்பாள் சத்திரம் மாதிரி அரண்மனை சைஸில் நம்ம பக்கம் எதுவும் எழவில்லை. காரணம் எளிது. இங்கே நிலையாக உட்கார்ந்து தானம் பண்ணின ராஜகுடும்பம் இல்லை. பாளையக்காரர்கள், வியாபாரிகள், ஊர்ப் பெரியதனக்காரர்கள் சின்ன அளவில் செய்ததுதான்.

சத்திரம் என்றால் நம்ம மனசில் இலவச ஹோட்டல் மாதிரி ஒரு படம் வரும். அப்படி இல்லை. தனி அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயும் துப்பட்டியும் நம்முடையது. கூடம், கிணறு, அடுப்பு, இவ்வளவுதான். பெரிய சத்திரங்களில் சோறு உண்டு. இப்பத்தான் இந்தக் கதையில் கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறோம். யாருக்குச் சோறு? யார் எந்தப் பந்தியில்? யார் கூடத்துக்குள், யார் வாசலில்?

பழனியை எடுத்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்து போகிறவர்கள் நம்ம பக்கம் எத்தனை பேர்! பழனியில் போய் எங்கே தங்குவது என்று பெரியவர்களைக் கேட்டால் பதில் சட்டென்று வரும்: "நம்ம மடம் இருக்குதுல்ல." அந்த 'நம்ம' என்கிற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு மடம். உள்ளே நுழைந்தால் உறவு, நட்பு, பேச்சு, பொண்ணு மாப்பிள்ளை விசாரணை, சாப்பாடு. வெளியூரில் சொந்த வீடு மாதிரி. எனக்கும் பிடிக்கும், பொய் சொல்லவில்லை. ஆனால் மடம் கட்ட வசதி இல்லாத சமூகத்துக்காரன் அன்றைக்கு எங்கே படுத்தான் என்று அந்தப் பதிலில் இல்லை.

ஈரோட்டுக்காரர் ஒருத்தருக்கு இது சாப்பாட்டு வாசலில் புரிந்தது. 1904-இல் பெரியார் வீட்டில் கோபித்துக்கொண்டு காசிக்குப் போகிறார். கையில் காசு இல்லை. அன்னசத்திரத்தில் பிராமணர்களுக்கு மட்டும்தான் சோறு என்று சொல்லிவிட்டார்கள். பசி தாங்காமல் பூணூல் போட்டுக்கொண்டு நுழையப் பார்த்தார், மீசை காட்டிக்கொடுத்தது, வெளியே தள்ளினார்கள். வீதியில் போட்ட எச்சில் இலையில் இருந்ததைச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தால், அந்தச் சத்திரத்தைக் கட்டினவர் தென்னாட்டிலிருந்து வந்த பிராமணரல்லாத ஒரு செல்வர் என்று எழுதியிருக்கிறது. அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் எல்லாம் வருகிற சம்பவம் இது. ஈரோட்டில் அவர் வீடு பணக்கார வியாபாரி வீடு, வருகிற சாமியார்களுக்கெல்லாம் தாராளமாகப் படியளந்த வீடு. அதே வீட்டுப் பையன் இன்னொரு ஊரில் பந்தியிலிருந்து தள்ளப்பட்டான். அவருக்கே அப்படி என்றால், ஈரோட்டிலேயே பந்திக்குள் வரவே முடியாதவர்கள் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரர்கள் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வலை பின்னினார்கள். டிராவலர்ஸ் பங்களா. தமிழில் முசாபரி பங்களா. முசாபிர் என்றால் பயணி. பெரிய சாலைகளில் ஒரு நாள் பயணத்துக்கு ஒன்று என்ற கணக்கில், சமையல்காரர், காவல்காரர், குதிரை கட்ட இடத்தோடு. அதாவது பழைய தாவளக் கணக்கேதான். தங்குகிறவர்கள் மட்டும் துரைமார்களும் அதிகாரிகளும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி ஏறினார், கோத்தகிரிப் பக்கம் பங்களா கட்டினார், பிறகு ஊட்டியில் கல் பங்களா. அதோடு கோயம்புத்தூர் 'ஊட்டிக்குப் போகிற வழி' ஆகிவிட்டது. 1862-இல் சென்னை - பேப்பூர் ரயில்பாதை முடிந்தபோது ரயில் ஊருக்குள்ளே வரவில்லை, போத்தனூரோடு போய்விட்டது. கோயம்புத்தூர் ஸ்டேஷன் 1873-இல்தான் வருகிறது, அதுவும் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் போட்ட பாதையில். மலை ரயில் 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டிக்கு. யோசித்துப் பாருங்கள், வண்டி மாற வசதியாக இருந்தால் எவனும் ராத்தங்க மாட்டான். இன்றைக்கும் ஊட்டி போகிற வெளியூர்க்காரர்கள் நம்ம ஊரை பஸ் ஸ்டாண்டாகத்தான் பார்க்கிறார்கள். 1873-லேயே தொடங்கின அவமானம் அது.

ஊரில் தங்குகிற கூட்டம் வேறு காரணத்துக்கு வந்தது. மில். 1888-இல் ஸ்டேன்ஸ் குடும்பத்து மில். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்லுக்கு மேல் மில். வேலைக்கு வந்தவர்களுக்கு லைன் வீடு. ஒரே கூரை, வரிசையாகக் கதவு, ஒரு கதவுக்கு ஒரு குடும்பம், கடைசியில் பொதுக் குழாய். அதற்குப் பக்கத்திலேயே சினிமா. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டிவிட்டு, கடைசியில் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். 1930-களில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ. 1947-இல் வந்த 'ராஜகுமாரி' அங்கே எடுத்தது, எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகன் ஆன படம். அந்தப் படத்துக்கு வசனம் எழுதிய காலத்தில் கருணாநிதி சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் இருந்தார். பின்னாளில் முதலமைச்சர் ஆன இரண்டு பேர் ஒரே காலத்தில் நம்ம ஊரில் வாடகைக்குக் குடியிருந்த வேலைக்காரர்கள். அந்தத் தெருக்களில் இன்றைக்கு ஐடி பசங்க ரூம் எடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சின்ன மொழி விஷயம். தமிழில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தங்குகிற இடத்துக்கு லாட்ஜ். வெளிநாட்டு நண்பர்கள் இதைக் கேட்டுக் குழம்புவார்கள். எனக்குத் தோன்றுகிற காரணம், நம்ம சமூகத்தில் வெளியே தூங்குவதைவிட வெளியே சாப்பிடுவதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. யார் சமைத்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்தது என்பதெல்லாம் அங்கேதான் எழும். போர்டில் 'பிராமணாள்' என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறையில்கூடத் தனி இடம். அதை எதிர்த்து சுயமரியாதை இயக்கம் பேசிப் பேசி, 1940-களின் தொடக்கத்தில்தான் அது போனது. 1950-இல் அரசியலமைப்பு 15-ஆம் பிரிவில் கடை, உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே சாதி மத பேதம் கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கம். உணவகம், ஓட்டல், தர்மசாலை, சராய், முசாபர்கானாவில் வைத்திருக்கிற பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடை சொன்னால் குற்றம். பாத்திரம்! ஒரு நாட்டின் சட்டம் டம்ளரைப் பற்றிப் பேசுகிறது. ஏன் பேச வேண்டியிருந்தது என்பது கொங்கு டீக்கடைகளில் இரட்டைக் குவளை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

இனி இன்றைக்கு. யாராவது உங்களிடம் கோயம்புத்தூரில் எங்கே தங்கலாம் என்று கேட்டால், முதலில் "எந்தத் திசைக்குப் போறீங்க" என்று கேளுங்கள். பாலக்காடு, பொள்ளாச்சி என்றால் உக்கடம். மதுரை, திருச்சி என்றால் சிங்காநல்லூர். ஊட்டி என்றால் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்ட். சேலம், ஈரோடு, திருப்பூர் என்றால் காந்திபுரம். ரயில் என்றால் ஜங்ஷனுக்கு எதிரே கீதா ஹால் ரோடு, முழுக்க லாட்ஜ். பழைய பெருவழிகள் எந்த எந்தப் பக்கம் பிரிந்தனவோ அந்தந்த வாசலில் இன்றைக்கு பஸ் ஸ்டாண்ட் நிற்கிறது. ஊரைப் பார்க்கணும், வரலாறு வேணும் என்றால் டவுன் ஹால் பக்கம். 1892-இல் கட்டின டவுன் ஹால், கோனியம்மன் கோயில், ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, பெயரில் மட்டும் கோட்டை மிஞ்சின கோட்டைமேடு எல்லாம் நடக்கிற தூரம். காலையில் பெரிய கடை வீதி திறக்கும் முன்னால் ஒரு நடை போங்கள். சத்தம் அதிகம், பார்க்கிங் கிடையாது, ஆனால் ஊர் அங்கேதான் இருக்கிறது. கிரனாடா மாதிரி பழைய கட்டடத்துக்குள்ளேயே தங்கணும் என்றால் கஷ்டம். ஸ்பெயினில் 1928-இலிருந்தே அரசாங்கம் பழைய கோட்டை, மடங்களை பரதோர் என்ற பேரில் ஹோட்டல் ஆக்கி நடத்துகிறது. சந்தியாகோவில் யாத்ரீகர்களுக்காகக் கட்டின 500 வருஷத்து ஆஸ்பத்திரி-சத்திரத்தில் இன்றைக்கும் காசு கொடுத்துத் தூங்கலாம். நம்ம சாவடிகள் பல ரேஷன் கடையாகவும் கட்சிக் கொடி மேடையாகவும் முடிந்தன.

லொக்கேஷனைச் சொல்லிவிட்டேன். அடுத்தது, ரூம் கொடுப்பார்களா?

2019 ஜூனில் கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் போலீசும் வருவாய்த் துறையும் சோதனை போட்டார்கள். ஒரு அறையில் கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும், இன்னொரு அறையில் மது பாட்டில். கட்டடத்தைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. டிசம்பரில் தீர்ப்பு: கல்யாணம் ஆகாத இரண்டு வயது வந்தவர்கள் ஒரு ஹோட்டல் அறையில் தங்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, அதைக் காரணம் காட்டி சீல் வைத்தது செல்லாது, திறந்துவிடுங்கள். இந்தியா முழுக்கச் செய்தியான தீர்ப்பு. நம்ம ஊரிலிருந்து போன வழக்கு என்று நம்ம ஊரிலேயே பலருக்குத் தெரியாது. தீர்ப்புக்குப் பிறகும் ரிசப்ஷனில் "கப்பிள்ஸ்னா மேரேஜ் சர்டிபிகேட் இருக்குதுங்களா" என்று கேட்கிற இடங்கள் இருக்கின்றன. சட்டம் தடுக்கவில்லை என்று நீதிமன்றம் சொன்னதைக் கவுன்டரில் நின்று எத்தனை பேர் சொல்லிப் பார்ப்பார்கள்?

ஒரு ராத்திரிக்கே இப்படி. மாசக்கணக்கில் தங்குவதற்கு? முதல் வேலை கிடைத்தபோது நானும் இரண்டு நண்பர்களும் பீளமேடு பக்கம் வீடு பார்த்தோம். ஒரு அம்மா, ரொம்ப நல்ல மாதிரி. மொட்டை மாடி காட்டினார், மோட்டார் சுவிட்ச் காட்டினார், காபி கொடுத்தார். அட்வான்ஸ் பேசப் போகும்போது, "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்கெல்லாம் என்ன ஆளுங்க?" என்றார். மூன்று பேரில் ஒருத்தன் நேராகப் பதில் சொன்னான். "வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றார். போன் வரவே இல்லை. எனக்கு அந்தக் கேள்வி முன்னாடியும் வந்திருக்கிறது, ஆனால் நேராகக் கேட்டதே இல்லை: எந்த ஊருங்க, எந்தப் பக்கமுங்க, குலதெய்வம் எங்கீங்க என்று சுற்றி வளைத்துத்தான் வரும். நான் அதுவரைக்கும் அதை உபசாரம் என்றே எடுத்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் என் பதிலுக்குப் பிறகு யாரும் காபியை நிறுத்தினது இல்லை. அந்த நண்பன் படியிறங்கும்போது சொன்னான்: "டேய், இது எனக்கு நாலாவது வீடு."

இன்னொரு தங்கலும் இருக்கிறது, அதை எந்த புக்கிங் ஆப்பும் காட்டாது. கொங்கு நூற்பாலைகளின் உள்ளேயே இருக்கிற பெண்கள் விடுதிகள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் மூன்று வருஷம் வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று சொல்லி எடுத்தார்கள். விடுதியை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு, போன் பேசக் கட்டுப்பாடு என்று தொழிற்சங்கங்களும் ஆய்வாளர்களும் வருஷக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். சத்திரத்தில் உள்ளே போவது பிரச்சினை. இங்கே வெளியே வருவது பிரச்சினை. இப்போது திருப்பூரில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் அதே மாதிரி விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஷிஃப்டுக்கு ஒருத்தர் எழுந்து போக, அவர் பாயில் அடுத்தவர் படுக்கிறார். கொடுமணலில் ஓட்டில் பெயர் கீறினவனும் வடக்கத்திக்காரன்தான். இவர்கள் எதில் கீறி வைக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. அடுத்த மாதம் திருப்பூரில் ரெக்கார்ட் பண்ணப் போகிறேன், இந்தி தெரிந்த நண்பர் ஒருத்தர் கூட வருகிறார்.

கடைசியாக ஒரு வேலை உங்களுக்கு. உங்கள் ஊரில், தோட்டத்தில், வாய்க்கால் மேட்டில் பழைய சுமைதாங்கிக் கல் நின்றால் போட்டோ எடுத்து, எந்த ரோடு என்று குறித்து அனுப்புங்கள். தாவளம், சாவடி, சத்திரம் என்று பெயர் வருகிற சின்ன ஊர், காட்டுப் பெயர், பஸ் ஸ்டாப் பெயர் எதுவானாலும் எழுதுங்கள். மேப்பில் இதுவரைக்கும் குத்தினது கொஞ்சம்தான். அவிநாசி ரோட்டில் சிக்காத அந்த 20 கிலோமீட்டர் தங்கல் எது என்று யாராவது சொன்னால் ரொம்ப சந்தோஷம். நீலாம்பூர் என்று ஒரு நண்பர் சொல்கிறார், எனக்கு நம்பிக்கை வரவில்லை.